முதல் அன்பு எங்கே போயிற்று?

சேலம் வட்டாரத்துக் கிணறுகளை அறியாதவர் நம்முள் எவரும் இலர். பாறையை வெடி வைத்துப் பிளந்து, ஆழமாகத் தோண்டப்பட்டவை அவை. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் குழாய் இறங்குவதற்கு முன்னர், இராட்டினத்தில் கயிறு கோத்து நீர் இறைத்த காலத்தை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் அக்கிணறுகள் ஒரே நாளில் வற்றிவிடுவதில்லை. இன்று ஒரு விரற்கடை இறங்கும். நாளை இன்னொரு விரற்கடை. வீட்டுப் பெண்கள் கயிற்றோடு ஒரு முழம் சேர்த்து முடிந்துகொள்வார்கள். குடம் நிறைகிறது, உலை கொதிக்கிறது. ஆகவே கிணற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாளி பாறையில் மோதி ஒலி எழுப்பும் நாளில்தான் வீடு விழித்துக்கொள்ளும்.

ஆன்மாவின் தளர்ச்சியும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது. “இன்று முதல் நான் கிறிஸ்துவை மறுதலிக்கிறேன்” என்று ஒரு காலையில் எழுந்து அறிவிப்பவர் மிகச் சிலரே. காய்ச்சல் கண்ட ஓர் இரவில் குடும்பச் செபம் விடுபடுகிறது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. மறுநாள் காய்ச்சல் இல்லை, செபமும் இல்லை. ஞாயிறு திருப்பலிக்கு நற்செய்தி வாசிக்கும் நேரத்தில் வந்து சேர்கிறோம்; பிறகு மறையுரை முடியும் நேரத்தில். கோவிலுக்குப் போனோம் என்ற பெயர் இருக்கிறது. மனமும் அமைதியாகவே இருக்கிறது. அந்த அமைதிதான் அச்சத்துக்குரியது.

திருவெளிப்பாட்டு நூலில் எபேசு நகரத்துச் சபைக்கு எழுதப்பெற்ற மடலை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அச்சபையினர் சோம்பேறிகள் அல்லர். உழைத்தவர்கள், துன்பம் பொறுத்தவர்கள், போலிப் போதகர்களை இனம் கண்டு விலக்கியவர்கள். அத்தனையையும் பாராட்டிய பின்னரே, தொடக்கத்தில் இருந்த அன்பைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற குறையை ஆண்டவர் அவர்கள் முன் வைக்கிறார். பவுலடியார் மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு போதித்த நகரம் அது. அவர் போதித்த காலத்துக்கும், அறிஞர் பெரும்பாலோர் இம்மடலுக்குக் கூறும் காலமாகிய முதல் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையே சென்றது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே. ஒரு தலைமுறை! தந்தையின் பற்றுறுதி மகனிடம் பழக்கமாக மாற அவ்வளவு காலம் போதுமாயிற்று.

இலவோதிக்கேயச் சபைக்குக் கூறப்பட்டதோ இன்னும் கடுமையானது. அண்டை நகரமாகிய எராப்பொலியில் உடலுக்கு நலம் தரும் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. கொலோசையிலோ குடிப்பதற்கு இனிய குளிர்நீர் இருந்தது. இலவோதிக்கேயாவுக்கு மட்டும் நீர் தொலைவிலிருந்து குழாய்களின் வழியே வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தது என விவிலிய ஆய்வாளர் பலர் விளக்குவர். அந்நகரத்தார்க்கு இந்த உவமை உடனே விளங்கியிருக்கும். நாள்தோறும் அவர்கள் முகம் சுளித்துக் குடித்த நீரன்றோ அது!

இனி நம் இல்லங்களுக்குள் வருவோம். வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் எல்லாம் நான் தவறாமல் காண்பது திரு இருதய ஆண்டவரின் படம். குடும்பங்களைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்து, அப்படத்தை வீட்டின் நடுவிடத்தில் நிறுவும் பக்தி முயற்சியை மத்தேயோ கிராலி என்னும் குருவானவர் 1907-இல் தொடங்கினார். அது உலகெங்கும் பரவி நம் ஓட்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. முற்காலத்தில் அப்படத்தின் முன் எண்ணெய் விளக்கு எரிந்தது. மாலைதோறும் யாரேனும் ஒருவர் திரி தூண்டவேண்டும், எண்ணெய் வார்க்கவேண்டும், தீக்குச்சி கிழிக்கவேண்டும். விளக்கேற்றியவர் அங்கேயே முழந்தாளிடுவார். மற்றவர்கள் வந்து சேர்வார்கள். இன்று அவ்விடத்தில் ஒரு சிறு சிவப்பு மின்விளக்கு இரவும் பகலும் எரிகின்றது. அது அணைவதில்லை, ஆகவே அதை ஏற்ற எவரும் வருவதுமில்லை. மின்விளக்கின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் விளக்கு தானாக எரியத் தொடங்கிய வீடுகளில், செபமும் தானாக நடந்துகொண்டிருப்பதாக ஒரு மயக்கம் உண்டாகிவிட்டதோ என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

ஒரு தாய் என்னிடம் கூறியதை இங்கே சொல்லவேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, வீட்டுத் திண்ணையில், எல்லோரும் இருக்கும்போது கண்ணீரோடு கூறியது. அவர் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை, குடிப்பழக்கம் இல்லை, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் போவதில்லை. தாய் கண்டித்தார். மகன் சினம் கொள்ளவில்லை. “அம்மா, நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வீட்டில் செபமாலை நின்றுபோனது. ஏன் நிறுத்தினோம் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது அவ்வளவு தேவையானதன்று போலும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்” என்றானாம். அந்தத் தாய்க்கு, செபமாலை எந்த நாளில் நின்றது என்பதே நினைவில்லை. மகனுக்கோ வகுப்பு முதற்கொண்டு நினைவிருக்கிறது!

பெற்றோரே, நாம் விட்டுவிட்டதை நாம் மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் அதையும் ஒரு பாடமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதைப் படித்ததும் நம்முள் மென்மையான மனமுடைய சிலர் வீணாகக் கலங்கக்கூடும். எனவே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். செபத்தில் சுவை இல்லாமற்போவது வேறு; செபத்தின்மேல் அக்கறை இல்லாமற்போவது வேறு. கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த தாய், செபமாலையின் இரண்டாம் மறைபொருளிலேயே உறங்கிவிட்டால் அது தளர்ச்சியன்று; களைப்பு. சேலம் சந்திப்பு நிலையத்தில் இரவுப் பணி முடித்து, ஞாயிறு காலைத் திருப்பலியில் கண் சொக்குகின்ற இரயில்வே ஊழியரைப் பின்வரிசையில் நான் காணும்போது எனக்கு வருத்தம் உண்டாவதில்லை. வந்தாரே என்ற மகிழ்ச்சிதான். கொல்கத்தாவின் அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளையும் வறட்சியையும் தாங்கி வாழ்ந்தார் என்பதை, 2007-இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்களின் வழியாகவே உலகம் அறிந்தது. அந்த இருளிலும் அவர் விடியற்காலைச் செபத்தை விட்டாரில்லை. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. இறைவனைக் காணோமே என்று ஏங்குகிறவரின் உள்ளத்தில் தணல் இருக்கிறது. காணாததைக் கூட உணராதவரைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு தெரேசாவும் உண்டு: அவிலா நகரத்துப் புனிதர். 1535-இல் கன்னியர் மடத்தில் சேர்ந்த அவர், பேச்சிலும் வருவோர் போவோரின் உறவிலும் ஈடுபட்டுச் சிறிது சிறிதாக உள்ளம் சிதறினார். ஒரு கட்டத்தில் ஓராண்டுக்கும் மேலாக மனச்செபத்தையே நிறுத்திவிட்டார். ஏன் தெரியுமா? இவ்வளவு குறைகளை வைத்துக்கொண்டு இறைவனோடு நெருங்கி உரையாடத் தமக்குத் தகுதியில்லை என்று நினைத்தாராம். தாழ்ச்சியின் வேடத்தில் வந்த அச்சோதனையே தமக்கு நேர்ந்த பெரும் ஆபத்து என்று பிற்காலத்தில் தம் வரலாற்றில் எழுதி வைத்தார். “சாமி, என்னைப் போன்றவன் கோவிலுக்கு வந்து என்ன பயன்?” என்று நம் ஊரிலும் சிலர் கேட்கிறார்களே, அது இதே குரல்தான். 1554-ஆம் ஆண்டளவில், காயங்களால் நிறைந்த ஆண்டவரின் திருச்சுருபம் ஒன்றைக் கண்டு அதன் முன் விழுந்து அழுத நாளிலிருந்து அவர் வாழ்வு திரும்பிற்று. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 39. மடத்தில் சேர்ந்து 19 ஆண்டுகள் கழிந்திருந்தன. காலம் கடந்துவிட்டது என்று யார் சொல்லக்கூடும்?

தனி ஓர் ஆன்மாவுக்கு நேர்வது ஒரு மக்களினம் முழுமைக்கும் நேர்வதுண்டு. அவ்வாறு தணிந்துபோன விசுவாசம் மீண்டும் மூட்டப்பட்ட வரலாற்றைத் தேடி அயல்நாட்டாரிடம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே அது நிகழ்ந்திருக்கிறது.

1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அதே ஆண்டில் ஆணை பிறந்தது. கோவில்களும் பள்ளிகளும் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையின் கைக்குச் சென்றன. ஆனால் மக்களின் விசுவாசத்தைத் தளரச் செய்தவை வாளும் கசையும் மட்டுமல்ல. திருமணம் செல்லுபடியாக வேண்டுமா? பிள்ளைக்குச் சொத்துரிமை வேண்டுமா? அரசில் சிறு பதவியேனும் வேண்டுமா? அவர்களுடைய பள்ளித் தோம்பில் பெயர் இருக்கவேண்டும். அவர்களுடைய கோவிலில் திருமுழுக்குப் பெற்றிருக்கவேண்டும். ஆகவே மக்கள் பகலில் அங்கே சென்று பெயர் பதிந்தார்கள். வெளிக்குத்தானே, உள்ளத்தில் நாம் கத்தோலிக்கர்தாம் என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். அவர்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. அந்த நெருக்கடியை நாம் அறியோம். எனினும் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயிற்பூசுதல் இல்லை என 29 ஆண்டுகள் உருண்டன. 1658-இல் பிறந்த குழந்தை, தானே தாயாகித் தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று அறியாமல் நின்றிருக்கும்.

அந்நிலையில்தான் 1687-இல் கோவாவைச் சேர்ந்த குருவானவர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து இலங்கைக்குச் சென்றார். 1651-இல் பெனாலிம் என்னும் ஊரில் பிறந்த யோசேவாஸ் அடிகளார் அவர். குருவானவராகச் சென்றால் பிடிபடுவார். எனவே கூலியாள் கோலம் பூண்டார். யுவான் என்ற துணையாள் ஒருவரே உடன் சென்றார். வழியில் கடும் வயிற்றுக்கடுப்பு நோய். யாழ்ப்பாணம் சேர்ந்தபோது உயிர் ஊசலாடிற்று. சற்றுத் தேறியதும் ஒரு சிக்கல் எழுந்தது. யார் கத்தோலிக்கர் என்று எவ்வாறு அறிவது? கேட்டால் எவரும் சொல்லமாட்டார்கள், கேட்பவரே காட்டிக்கொடுக்கப்படலாம்.

அவர் செய்தது இதுதான். கழுத்தில் ஒரு பெரிய செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். பிச்சையிட வருவோரின் முகத்தைக் கவனித்தார். பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சிலரின் கண்கள் மட்டும் அந்த மணிகளின் மேல் நிலைத்து நின்றன. அம்மணிகளைத் தங்கள் பாட்டியின் கையில் கண்ட நினைவு அவர்களுக்குள் புரண்டிருக்கவேண்டும். அவ்வாறு நின்ற கண்களைத் தொடர்ந்து சென்றே அவர் தம் மக்களைக் கண்டுபிடித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர் சில்லாலை என்னும் கத்தோலிக்கக் கிராமத்தை அடைந்து, அங்கே தங்கி, இரவுதோறும் இல்லங்களில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். விடியும் வரை பாவசங்கீர்த்தனம் கேட்டார்.

மூட்டப்பட்ட தணல் எவ்வளவு விரைவில் பற்றியது என்பதற்கு 1689-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவே சான்று. திருப்பலிக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படைவீரர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் பலர் சிறையும் கசையடியும் ஏற்றனர், அடிபட்டதனால் இறந்தவரும் உண்டு. இரண்டே ஆண்டுகளுக்கு முன், ஒரு செபமாலையைக் கண்டு வாய் திறக்க அஞ்சிய மக்கள்!

அடிகளார் பின்னர் புத்தளத்துக்கும் கண்டிக்கும் சென்றார். ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுக் கண்டியில் சிறைப்பட்டார். 1697-இல் அங்கே வைசூரி பரவியபோது, உற்றாரும் கைவிட்ட நோயாளரைத் தம் கையாலேயே பேணினார். ஆயினும் என் சிந்தையை மிகவும் கவர்வது வேறு. தாம் எல்லா ஊர்களிலும் எப்போதும் இருக்க இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே ஊர்தோறும் பொதுநிலையினரான மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் அமர்த்தினார். குருவானவர் இல்லாத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டுவதும், செபம் சொல்வதும், ஞானோபதேசம் கற்பிப்பதும், இறப்போர் அருகில் இருப்பதும் அவர்கள் பொறுப்பு. 1705-இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவர்கள் வாசிப்பதற்கென்றே தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்தில் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் ஆக்கியதே. யோசேவாஸ் அடிகளார் 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14-ஆம் நாள் கொழும்புக் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் சேலத்துக்கும் விசுவாசம் கால்நடையாகவே வந்தது. தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியே சேலத்தை அடைந்தார். நம் மறைமாவட்டம் நிறுவப்பட்டதோ 1930-இல்தான். இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளில், குருவானவரைக் காணாமலே நெடுநாள் காத்திருந்த கிராமங்கள் இப்பகுதியில் எத்தனையோ இருந்திருக்கும். அங்கெல்லாம் விளக்கு அணையாமல் காத்தவர்கள் உபதேசியார்களும் பாட்டிமார்களும் ஆவர்.

இன்று சூரமங்கலத்தில் நம்மைத் தடுக்கும் ஆணை எதுவுமில்லை. கோவில் கதவு திறந்திருக்கிறது, மணி ஒலிக்கிறது. பங்குத் திருவிழாவில் தேர்பவனிக்குத் தெரு கொள்ளாத கூட்டம். அதே திருவிழாவுக்கு முந்தைய நாள் மாலை, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருகே நிற்கும் வரிசையை எண்ணிப் பார்த்தால் தேருக்கு வடம் பிடிக்கவும் ஆள் போதாது! ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. குறைந்த அளவாகத் திருச்சபை வகுத்ததை, எட்டமுடியாத உச்சமாக நம்மில் பலர் ஆக்கிக்கொண்டோம்.

எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய திட்டம் எதையும் கூறுவதில்லை. தவக்காலத்தின் முதல் வாரத்தில் முழுச் செபமாலையும் நவநாளும் நோன்பும் என்று தொடங்கி, மூன்றாம் வாரத்தில் அனைத்தையும் கைவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். முதலில் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம். தூர் வாராத கிணற்றில் ஊற்றுக்கண் திறவாது. அதன்பின் நாளொன்றுக்கு ஒரே ஒரு பத்துமணி செபம், அல்லது அன்றைய நற்செய்தி. அது போதும், ஆனால் நாள் தவறக்கூடாது. உள்ளம் வறண்ட நேரத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்றும், செபநேரத்தைக் குறைக்கத் தோன்றும்போது சற்றே கூட்டிவிடு என்றும் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் அறிவுறுத்துகிறார். போர்வீரராக இருந்தவரல்லவா! பகைவன் தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் ஓரடி வைப்பது அவருக்குக் கைவந்த தந்திரம்.

யார் தொடங்குவது? குடும்பத் தலைவர் தொடங்கட்டும் என்று தாய் காத்திருக்கிறார். பிள்ளைகள் அடங்கி உட்காரட்டும் என்று தந்தை காத்திருக்கிறார். திமொத்தேயுவுக்கு உள்ளத்து அருங்கொடையை மீண்டும் கனன்று எழச் செய்யுமாறு எழுதிய பவுலடியார், அதற்கு முன் அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அவ்வீட்டில் தொடங்கியவர் பாட்டிதான்.

நம் பங்கில் இரயில்வே குடியிருப்பில் வாழும் குடும்பம் ஒன்று உண்டு. தந்தைக்கு வாரத்துக்கு வாரம் பணி நேரம் மாறும். மாலையில் எல்லோரும் கூடுவது நடவாத செயல். சென்ற ஆண்டுத் திருவருகைக் காலத்தில், மாலைச் செபத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். இரவுப் பணி முடிந்து அவர் ஏழு மணிக்கு வந்ததும், பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு நிற்க, அன்றைய நற்செய்தியை வாசித்து ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் கடைசிப் பையனுக்கு மெழுகுதிரி ஏற்றும் வேலை. சென்ற மாதம் தந்தை பணி நிமித்தம் ஈரோட்டிலேயே தங்கநேர்ந்த வாரத்தில், அந்தச் சிறுவன் ஏழு மணிக்குத் திரியை ஏற்றிவிட்டுத் தானே விவிலியத்தைத் திறந்து வாசித்தானாம். ஒரு நற்செய்திக்குக் கால் மணி நேரம் பிடித்ததாம். பள்ளிப் பேருந்து போய்விட்டதாம். பாட்டிதான் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.